சுவரொட்டியில் யார், யாரோடு பேசுகிறார்? சிங்கப்பூர், மலேசியப் பொதுவெளிப் பதாகைகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

வீட்டை விட்டுப் புறப்பட்டுப் பள்ளியையோ பல்கலைக்கழகத்தையோ சென்றடைவதற்குள் நம் கண்ணில் படும் தமிழை நாம் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. மின்சாரத் துணைநிலையத்தின் வேலியில் ‘அபாயம்’ என்றிருக்கிறது. கட்டுமானத் தளத்தின் தடுப்பில், உள்ளே நுழைதல் கூடாது என்னும் எச்சரிக்கை நான்கு மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்கு அருகில், கொசு பெருக இடந்தராதிருக்கும்படி ஒரு சுவரொட்டி அறிவுறுத்துகிறது. தேர்தல் காலமாயின் விளக்குக் கம்பங்கள்தோறும் முகங்களும் சின்னங்களும் தொங்குகின்றன. தமிழ் நாளிதழ் வாங்காத இல்லத்தில் வளரும் மாணவனுக்கும் இத்தமிழ் தப்பாமல் கிடைக்கிறது. வகுப்பறைக்கு வெளியே அவன் வாசிக்கும் தமிழ் பெரும்பாலும் இதுவேயாகும்.

சுவரொட்டிகளை ஆராய்வோர் வண்ணம், அமைப்பு, அரசியல் பின்னணி ஆகியவற்றை முதன்மைப்படுத்துவது வழக்கம். இக்கட்டுரை அவற்றோடு இலக்கணத்தையும் சேர்த்து நோக்குகிறது. மூவிடம், ஏவல், வியங்கோள், தோன்றா எழுவாய் என நாம் வகுப்பில் கற்பிக்கும் கருத்துகள், ஒரு சுவரொட்டி தன் முன் நிற்பவரை எவ்வாறு நடத்துகிறது என்பதை அறியப் பெரிதும் துணைபுரிகின்றன. தமிழ் வாசகம் இப்பதாகைகளில் மொழிபெயர்ப்பாகவே இடம்பெறும் நிலை, தமிழை ஆணைகளைப் பெற்றுக்கொள்ளும் மொழியாகச் சுருக்கிவிடுகிறது என்பதும், அந்நிலை மாறுவதற்குரியது என்பதும் நம் கருத்தாகும்.

ஏவலும் எழுவாயும்

1914 செப்டம்பரில் இலண்டன் இதழொன்றின் அட்டைக்காக ஆல்பிரட் லீட் என்னும் ஓவியர் கிட்சனர் பிரபுவின் முகத்தை வரைந்தார். மீசையும் நேர்ப்பார்வையும் கொண்ட அம்முகத்தின் முன்னே ஒரு விரல் காண்போரைச் சுட்டி நீண்டிருந்தது. பின்னர் அது படைக்கு ஆள்சேர்க்கும் சுவரொட்டியாயிற்று. 1917-இல் அமெரிக்கரான ஜேம்ஸ் மாண்ட்கோமரி பிளாக் வரைந்த ‘அங்கிள் சாம்’ சுவரொட்டியும் அதே விரலை நீட்டியது. அவ்விரலின் பொருள் ‘நீ’ என்பதே. தெருவில் செல்லும் கூட்டத்தைத் தனித்தனி முன்னிலை ஒருமையாகப் பிரித்தெடுக்கும் ஆற்றலைச் சுவரொட்டி அவ்விரலால் பெற்றது. அரசு குடிமகனோடு நேருக்கு நேர் பேசும் தோற்றம் அதனால் உண்டாயிற்று.

ஆங்கிலத்தில் இத்தோற்றத்தை உண்டாக்குவது எளிது. அம்மொழியின் ஏவல் வினை ஒருமை பன்மை காட்டுவதில்லை, மரியாதையும் காட்டுவதில்லை. மலாய்மொழிக்கு வேறொரு வசதி உண்டு. ‘டிலாராங்’ என்று தொடங்கும் அறிவிப்பு ‘தடுக்கப்பட்டுள்ளது’ என்னும் செயப்பாட்டுப் பொருளைத் தருவதால், தடுப்பவரும் தடுக்கப்படுபவரும் வெளிப்பட வேண்டுவதில்லை. தமிழில் அவ்வாறு எளிதாக நழுவ இயலாது. ‘புகைபிடிக்காதே’, ‘புகைபிடிக்காதீர்’, ‘புகைபிடிக்காதீர்கள்’, ‘புகைபிடிக்கக் கூடாது’, ‘புகைபிடிக்கத் தடை’ என்னும் ஐந்தும் ஒரே செய்தியைச் சொல்லினும், ஐந்தும் ஒரே உறவைச் சொல்வதில்லை. முதலாவது சிறுவனை அதட்டுவது. இரண்டாவது பழைய அலுவலகத்தின் மிடுக்குடையது. மூன்றாவது விருந்தினரை வேண்டுவது. இறுதி இரண்டும் சட்டத்தின் குரல்கள்.

இவ்வைந்தனுள் ஒன்றைத் தேர்பவர், அரசு குடிமக்களை எவ்வாறு கருதுகிறது என்னும் வினாவுக்குத் தாமறியாமலே விடையளித்துவிடுகிறார். நான்கு மொழிப் பலகையொன்றில் ஆங்கில வரி வெறும் தகவலாகவும், அதன் கீழுள்ள தமிழ் வரி ‘நுழையாதே’ என ஒருமையில் அதட்டுவதாகவும் அமையுமாயின், ஒரே பலகை இருவேறு குடிமக்களை இருவேறு வகையாக நடத்துகிறது எனலாம். எழுதியவர்க்கு அந்நோக்கம் இல்லாதிருக்கலாம். எனினும் வாசிப்பவர் செவியில் விழுவது அதட்டலே.

தமிழில் இதற்கு மாற்று இல்லாமலில்லை. தொல்காப்பியர் வியங்கோளைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் பொருந்தாததாகக் கூற, நன்னூலார் அதனை எல்லா இடத்திற்கும் எல்லாப் பாலுக்கும் உரியதாக்கினார். ஏவல் முன்னிற்பவரைச் சுட்டுகிறது. வியங்கோளோ எவரையும் தனித்துச் சுட்டாமலே செயலை வேண்டிநிற்கிறது. ‘விடை எழுதுக’, ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என வினாத்தாள்களில் நாம் நாள்தோறும் கையாளும் வடிவம் இது. பொதுப் பலகைக்கு மிகப் பொருந்தும் இவ்வடிவம் வினாத்தாளோடு நின்றுவிட்டமை வருந்தத்தக்கது.

வரிசையின் கடைசியில் நிற்பவர்

சிங்கப்பூரின் இயக்கச் சுவரொட்டிகள் இந்நோக்கில் ஆராயத்தக்கவை. 1968 அக்டோபர் முதல் நாள், சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருக்கும் இயக்கத்தைப் பிரதமர் லீ குவான் யூ தொடங்கிவைத்தார். அதனைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் குப்பை, எச்சில், நீர்ச் சிக்கனம், மரநடுகை, குடும்ப அளவு, மொழி, நன்னடத்தை என வாழ்வின் பல கூறுகளும் இயக்கங்களுக்குப் பொருளாயின. கம்பங்களிலிருந்து புதிய அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த மக்களுக்குச் சுவரொட்டி ஒருவகைப் பாடநூலாகவே பயன்பட்டது.

அவற்றுள் அரசு அலுவலகங்களில் 1970-களில் தொங்கிய ஓர் அறிவிப்பு தனித்துக் கருதத்தக்கது. நீண்ட முடியுடைய ஆடவர் கடைசியாகவே கவனிக்கப்படுவர் என்பது அதன் செய்தி. நீண்ட முடி எதுவென்பதும் அதில் வரையறுக்கப்பட்டிருந்தது: நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொடுவது, காதுகளை மறைப்பது, சாதாரணச் சட்டைக் கழுத்துப்பட்டைக்குக் கீழே இறங்குவது. இவ்வாசகம் படர்க்கையில் அமைந்தது என்பதை நாம் நோக்க வேண்டும். ‘முடியை வெட்டு’ என்று அது எவரையும் ஏவவில்லை. நீண்ட முடியுடையவரைப் பற்றி, வரிசையில் நிற்கும் ஏனையோரிடம் அது பேசுகிறது. ஏனையோர் அளவுகோல் ஏந்திய கண்காணிப்பாளர் ஆகின்றனர். முடி வளர்த்தவர் எல்லார் பார்வைக்கும் பொருளாகிறார். காவலர் ஒருவரும் தேவைப்படாத ஒழுங்கு இது. கிட்சனரின் முன்னிலையைக் காட்டிலும் இப்படர்க்கை வலிமை மிக்கது.

குடும்ப அளவு குறித்த சுவரொட்டிகள் வேறொரு வழியில் சென்றன. 1966-இல் குடும்பத் திட்ட வாரியம் நிறுவப்பட்டது. 1972-இல் இரண்டோடு நிறுத்துமாறு கூறும் இயக்கம் தொடங்கிற்று. ஆணாயினும் பெண்ணாயினும் இரண்டே போதும் என்னும் பொருளுடைய சுவரொட்டியில் இரண்டு பெண்குழந்தைகளின் படமே இடம்பெற்றது. ஆண்மகவுக்காக மூன்றாவதும் நான்காவதும் பெறும் வழக்கத்தை வாசகம் வெளிப்படையாகக் குறைகூறவில்லை. படம் அவ்வேலையைச் செய்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் காட்டிய திறத்தால், அக்காலச் சுவரொட்டிகளுள் இது சிறந்ததென நாம் கருதுகிறோம்.

ஆயினும், பிறப்பு விகிதம் குறைந்ததைச் சுவரொட்டியின் வெற்றியாக மட்டும் கொள்வது பொருந்தாது. அதிகக் குழந்தை பெறுவோர்க்கு மகப்பேற்றுக் கட்டணம் உயர்த்தப்பட்டது. பெண்கல்வியும் பெண்கள் வேலைக்குச் செல்வதும் பெருகின. சுவரொட்டி தனித்து நின்று எதனையும் சாதிப்பதில்லை. 1987-இல் அரசு தன் நிலையை மாற்றி, வசதியுள்ளோர் மூன்றோ அதற்கு மேலோ பெறலாம் என்றது. புதிய சுவரொட்டிகள் வந்தன. ஆனால் பழைய படம் மக்கள் மனத்திலிருந்து இறங்கவில்லை. 2023-இல் சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 0.97 ஆகக் குறைந்தது. சுவரிலிருந்து தாளைக் கிழிப்பது எளிது. அது வாழ்க்கைமுறையோடு கலந்தபின் பிரித்தெடுப்பது அரிது என்பதற்கு இது சான்றாகும்.

‘நாம்’ என்பதும் ‘நாங்கள்’ என்பதும்

குடும்பநலம் குறித்துத் தமிழ்நாட்டில் வழங்கிய ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்னும் தொடரை இங்கு ஒப்பிடலாம். இந்தித் தொடரொன்றின் தமிழ் வடிவமே அது. எனினும் இந்தியில் இல்லாத ஒன்றைத் தமிழ் அதில் சேர்த்தது. கேட்பவரையும் உளப்படுத்தும் ‘நாம்’, கேட்பவரை விலக்கும் ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு தமிழுக்குரியது. ‘நாம்’ என்றதனால் அத்தொடர் கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசும் பேச்சாயிற்று. அதில் வினையே இல்லை, ஏவுவாரும் இல்லை. மக்கள் அதனைத் தம் பேச்சிலும் நகைச்சுவையிலும் தயங்காது எடுத்தாண்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இவ்வேறுபாடு மலாய்மொழியிலும் உண்டு. ‘கீத்தா’ என்பது நாம். ‘காமி’ என்பது நாங்கள். சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியை 1966-இல் எஸ். ராஜரத்தினம் ஆங்கிலத்தில் வரைந்தார். ஆங்கிலத் தன்மைப் பன்மை இவ்வேறுபாட்டை அறியாது. அதன் மலாய் வடிவம் ‘காமி’ என்று தொடங்க, தமிழ் வடிவம் ‘நாம்’ என்பதைக் கொண்டுள்ளது. மலாய் மாணவன் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் முன்னிலையில் சூளுரைக்கிறான். தமிழ் மாணவன் அருகில் நிற்பவனை நோக்கிப் பேசுகிறான். ஒரே திடலில், ஒரே நேரத்தில் கூறப்படும் உறுதிமொழிகளிடையே இத்தகைய வேறுபாடு இருப்பதை நம் மாணவர்க்கு நாம் சுட்டிக்காட்டியதுண்டா?

மலேசியாவில் 1970 ஆகஸ்டு 31-இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவும் ‘காமி’ என்றே உறுதி கூறுகிறது. 1969 மே 13 நிகழ்வுகளுக்குப் பின் பிறந்த அது, பள்ளிப் பயிற்சிப் புத்தகங்களின் பின்னட்டையில் அச்சிடப்பட்டு ஒவ்வொரு மாணவனின் புத்தகப் பைக்குள்ளும் நுழைந்தது. கையளவு சுவரொட்டி என்றே அப்பின்னட்டையைக் கூறலாம். இதற்கு மாறாக, 2005-இல் தொடங்கிய நன்னடத்தை இயக்கம் ‘புடி பஹாசா புடாயா கீத்தா’ என ‘நம் பண்பாடு’ என்னும் பொருளில் ‘கீத்தா’வை ஏற்றது. சிங்கப்பூரில் 1979-இல் தொடங்கிய நன்னடத்தை இயக்கமும் ஏவலோடு ‘நமது’ என்பதைச் சேர்த்துக்கொண்டது. 1982-இல் ‘சிங்கா’ என்னும் சிங்கம் அதன் சின்னமாயிற்று. அதட்ட வேண்டிய விலங்கு புன்னகை செய்தது. ஆணை தளரும்போது தன்மைப் பன்மை வருகிறது. படத்திலும் விரல் மறைந்து புன்னகை தோன்றுகிறது. வடிவமைப்பும் இலக்கணமும் ஒருங்கே மாறுவதை இவ்விடத்தில் காண்கிறோம்.

சின்னமும் பெயரும்

இதுகாறும் அரசு மக்களோடு பேசிய பதாகைகளைக் கண்டோம். தேர்தலில் கட்சிகள் மக்களோடு பேசுகின்றன. சில வேளைகளில் மக்களும் திரும்பப் பேசுகின்றனர்.

மலாயாவின் முதல் கூட்டரசுத் தேர்தல் 1955 ஜூலையில் நடந்தது. எழுத்தறியாதோர் பலரும் வாக்களித்த அத்தேர்தலில் சின்னமே கட்சியின் பெயராக விளங்கியது. பாய்மரக் கப்பலைச் சின்னமாகக் கொண்ட கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது. பின்னர் 1974-இல் உருவான தேசிய முன்னணி ‘டாச்சிங்’ எனும் தராசை ஏற்றது. சந்தையில் மீனும் காய்கறியும் நிறுத்த கருவி நடுநிலைக்கு அடையாளமாயிற்று. ஜனநாயகச் செயல் கட்சியின் ராக்கெட், பாஸ் கட்சியின் நிலா, மக்கள் நீதிக் கட்சியின் கண் என ஏனைய சின்னங்களும் பேச்சுவழக்கில் கலந்தன. ‘தராசுக்கா, ராக்கெட்டுக்கா?’ என்று தோட்டப்புறத்திலும் தாமான்களிலும் கேட்பது, ஆகுபெயருக்கு நாம் காட்டத்தக்க உயிருள்ள எடுத்துக்காட்டாகும்.

2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி நடந்தது. அதன் பின்னணியில் ‘மக்கள் சக்தி’ என்னும் தொடர் பதாகைகளிலும் உடைகளிலும் பரவியது. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தல் காலத்தில் மலாய்க்காரரும் சீனரும் அத்தொடரை உரோமன் எழுத்தில் எழுதினர், கூட்டங்களில் முழங்கினர். அத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. தேர்தல் முடிவின் காரணங்கள் பல. அவற்றை இங்கு ஆராயவில்லை. நம் கவனத்திற்குரியது மொழி. ‘மக்கள் சக்தி’ என்பதில் வினையில்லை; எவரும் எவரையும் ஏவவில்லை. தமிழில் பிறந்த ஒரு பெயர்த்தொடரை மற்றவர்கள் மொழிபெயர்க்காமலே ஏற்றுக்கொண்டனர். மூன்றாம் வரியிலோ நான்காம் வரியிலோ நின்று பழகிய தமிழ், அன்று முதல் வரியில் நின்றது. 2009-இல் அத்தொடர் ஒரு கட்சியின் பெயராகப் பதிவு பெற்றது. எல்லார்க்கும் பொதுவாயிருந்த முழக்கம் ஓர் அமைப்பின் உடைமையானதும் அதன் பழைய வீச்சு குறைந்தது.

2018 பொதுத்தேர்தலின்போது நிகழ்ந்த மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். பரப்புரைப் பதாகைகளில் யார் யார் படம் இடம்பெறலாம் என்பதற்குத் தேர்தல் ஆணையம் விதித்த வரையறையைச் சுட்டி, சில பெருந்தட்டிகளிலிருந்து மகாதீர் முகமதுவின் முகம் வெட்டியெடுக்கப்பட்டது. ஏனைய முகங்களுக்கு நடுவே ஒரு வெற்றிடம் நின்றது. அவ்வழியே சென்ற எவருக்கும் அங்கிருந்தவர் யாரென்பதில் ஐயமில்லை. ‘தோன்றா எழுவாய்’ என நம் இலக்கணம் கூறுவது இதனையே. சொல்லப்படாத எழுவாயை வினை உணர்த்துவது போல, நீக்கப்பட்ட முகத்தை அத்துளை உணர்த்தியது.

தமிழின் இடம்

இனி, இப்பதாகைகளில் தமிழ் எவ்வாறு அமைகிறது என்பதை நோக்குவோம். நான்மொழிப் பதாகையில் ஒவ்வொரு மொழிக்கும் சமமான கட்டம் ஒதுக்கப்படுவது நியாயமாகவே தோன்றும். ஆனால் சீனத்தில் நான்கு எழுத்துகளில் அடங்குவது தமிழில் முப்பது எழுத்துகளாக நீளும். கட்டம் சமமாயிருப்பதால் எழுத்து சிறியதாகிறது. சமஅளவு வழங்கிய இடமே தமிழைக் கண்ணுக்கு எட்டாததாக்கிவிடுகிறது. வடிவமைப்பாளர் தமிழறியாதவராயின் இடர் மேலும் பெருகும். தமிழ் எழுத்துகளை இணைக்கும் வசதி முடுக்கப்படாத மென்பொருளில் கொம்பு தன் மெய்க்குப் பின்னே சென்று நிற்கும். புள்ளி இடம் மாறும். ஒகர ஓகாரங்கள் உடைந்து சிதறும். அவ்வாறு சிதைந்த வாசகங்கள் பொதுவெளியில் தொங்கியதையும், தமிழர் சுட்டிக்காட்டிய பின்னரே அவை அகற்றப்பட்டதையும் நம்முள் பலர் கண்டிருக்கிறோம்.

இதனைத் தொழில்நுட்பக் குறையெனச் சொல்லி விலக்கிவிட இயலாது. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘இணைமதி’ எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றுள்ளது. கருவி நம்மிடமே இருக்கிறது. குறை நடைமுறையில் உள்ளது. ஆங்கிலத்தில் கருத்து தோன்றுகிறது. அதற்கேற்பப் படம் வரையப்படுகிறது. எல்லாம் முடிந்தபின் ‘இதனைத் தமிழாக்கித் தருக’ என்னும் வேண்டுகோள் தமிழறிந்தவரை வந்தடைகிறது. அவர் ஓரிரு வரிகளுக்குள் ஏவலையும் மரியாதையையும் இடத்தையும் தீர்மானித்தாக வேண்டும். அவரை மட்டும் குறைகூறுவது அறமாகாது.

தமிழிலேயே பிறக்கும் பதாகைகள் குறையற்றவை என்றும் கூறுவதற்கில்லை. சிங்கப்பூர் வளர்தமிழ் இயக்கம் ‘தமிழை நேசிப்போம், தமிழில் பேசுவோம்’ என்பதைத் தன் முழக்கமாகக் கொண்டுள்ளது. 1979-இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம் கிளைமொழிகளைக் குறைத்துக்கொள்ளுமாறு சீனரை ஏவியதோடு இதனை ஒப்பிட்டால், தமிழ் முழக்கம் தன் மக்களைத் தானே அழைக்கும் பண்பு விளங்கும். அது பாராட்டுக்குரியது. ஆனால் ‘ஓம்’ ஈறு இன்று நம் மேடைகளிலும் பதாகைகளிலும் அளவின்றிப் பெருகிவிட்டது. காப்போம், வளர்ப்போம், போற்றுவோம், உயர்த்துவோம் என எல்லாவற்றையும் எல்லாரும் செய்வதாகக் கூறும்போது, செய்பவர் எவரெனக் காட்ட இயலாமற் போகிறது. ‘நான் என் மகளோடு தமிழில் பேசுகிறேன்’ என்னும் தன்மை ஒருமை வாசகம் ஒன்றேனும் நம் பதாகைகளில் வருமாயின், அது பத்து ‘வோம்’களை விட உண்மையுடையதாயிருக்கும்.

முடிவுரை

சுவரொட்டி நம்மிடம் அனுமதி கேட்டு வருவதில்லை. முடியின் நீளம், குடும்பத்தின் அளவு, அண்டை வீட்டாரிடம் பேசும் முறை, வாக்குச்சீட்டில் இடும் குறி என அன்றாட வாழ்வின் பல செயல்களில் அது நாமறியாமலே பங்குகொள்கிறது. அதனை வாசிக்கும் பயிற்சியை மாணவர்க்கு அளிப்பது தமிழாசிரியரின் பணிகளுள் ஒன்றாக வேண்டும். இதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. பள்ளிக்கு வரும் வழியில் கண்ட ஒரு தமிழ்ப் பலகையை எழுதிவரச் செய்து மூன்று வினாக்களைக் கேட்டால் போதும்: இங்குப் பேசுபவர் யார்? அவர் யாரோடு பேசுகிறார்? செயலைச் செய்ய வேண்டியவர் யார்? மூவிடப் பெயர்களும் ஏவலும் வியங்கோளும் தேர்வுக்குரிய சூத்திரங்களாக நில்லாமல், தம்மை ஒருவர் எவ்வாறு விளிக்கிறார் என்பதை அறியும் கருவிகளாக அவர்களுக்குப் பயன்படும்.

பொது அமைப்புகளிடமும் நாம் கேட்க வேண்டுவது ஒன்றுண்டு. படம் முடிந்தபின் அழைக்கப்படும் தமிழறிந்தவர், படம் தொடங்குமுன் அழைக்கப்பட வேண்டும். அப்போது தமிழ் வாசகம் தனக்குரிய நீளத்தையும் மரியாதையையும் பெறும்.

நம் நாடுகளில் தமிழறியாத நண்பர்கள் பலர் முதன்முதலாகக் கண்ட தமிழ்ச் சொல், மின்வேலியில் எழுதப்பட்ட ‘அபாயம்’ என்பதாகவே இருக்கும். அச்சொல் அங்கிருப்பது தேவையே. அது உயிர்காக்கும் சொல். ஆயினும் பொதுவெளியில் அவர்கள் காணும் ஒரே தமிழ்ச் சொல்லாக அது இருந்துவிடலாகாது. நம் மாணவர்க்கும் அவ்வாறே.